கிரீனில் நிற்பது அருகம்புல்தான்

கோல்ஃப் மைதானத்தில் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டி வைத்திருக்கும் புல்தரைக்குப் பெயர் கிரீன். மார்கழி மாதம் காலை நாலே முக்கால் மணிக்குக் கிரீனில் இறங்கினால் பத்து அடி நடப்பதற்குள் பூட்ஸ் நனைந்துவிடும். அவ்வளவு பனி. இரண்டு ஆள் நீளமுள்ள ஃபைபர் கம்பு ஒன்றைப் பிடித்து, புல் நுனியைத் தொட்டும் தொடாமலும் இடமும் வலமும் வீசிக்கொண்டே நடப்போம். துளிகள் சிதறி விழும். ராத்திரி முழுக்க நனைந்த புல் காலையிலும் ஈரத்தோடு கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும், அதற்காகத்தான் இந்த வேலை. அதன் பிறகுதான் வெட்டும் மெஷின் வரும்.

கம்பு வீசும்போதே இன்னொன்றையும் பார்ப்பேன். பின்னால் வரும் மெஷினின் விளக்கு தாழ்வாக அடிக்கும்போது, கிரீனில் எங்கே பள்ளம் இருந்தாலும் அதற்கு ஒரு நிழல் விழும். திங்கட்கிழமை காலையில் அந்த நிழல்களை எண்ணுவது என் வழக்கம். போன வாரம் ஏழாவது கிரீனில் மட்டும் 41. எல்லாம் முந்தின நாள் ஆடியவர்களின் பந்து உயரத்திலிருந்து விழுந்து குத்திய பள்ளங்கள். பிட்ச் மார்க் என்று சொல்வோம். பந்து குத்தியது தப்பில்லை, நல்ல ஷாட் அப்படித்தான் விழும். குத்திய பள்ளத்தை மூடாமல் நடந்து போனதுதான் எனக்கு மனசு ஆறாத விஷயம்.

நான் கோல்ஃப் மைதானப் பராமரிப்பில் 19 வருடமாக இருக்கிறேன். முதல் எட்டு வருடம் துபாயில், அப்புறம் சென்னைப் பக்கம். புல் வெட்டுபவனாகச் சேர்ந்தவன், இப்போது கிரீன்களுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். புதிதாக ஆட வருகிறவர்கள் இப்போது நிறைய. பந்தை எப்படி அடிப்பது என்று சொல்லித்தரக் கோச் இருக்கிறார். மைதானத்தில் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லித்தர ஆள் குறைவு. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் புல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெர்முடா கிராஸ் என்று பெரிதாகச் சொல்வார்கள். அது நம் அருகம்புல்தான். பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அதே குடும்பம். கிரீனில் இருப்பது அதன் கலப்பு ரகம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் என்ற ஊரில், க்ளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி நம் அருகம்புல்லையும் ஆப்பிரிக்க அருகையும் சேர்த்து உருவாக்கிய வகைகளில் இருந்து வந்தது. இந்தக் கலப்புப் புல்லுக்கு முளைக்கிற விதை கிடையாது. தண்டைப் பிய்த்து நட்டுத்தான் பரப்ப வேண்டும். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்துகிறோம் இல்லையா, அந்த வேரோடும் குணம்தான் இதற்கு மூலதனம். ஆனால் கிரீனில் நாங்கள் அதை மூன்றரை மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுகிறோம். இரண்டு பத்து ரூபாய் நாணயத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வருகிற உயரம். அத்தனை குட்டையாக வைத்தால் இலை போதாது, இலை போதாவிட்டால் வேருக்குப் போகும் சாப்பாடு குறையும். காட்டில் எதையும் தாங்கும் புல், கிரீனில் நோயாளிபோல் ஆகிவிடுகிறது. அதனால்தான் தினமும் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது.

பிட்ச் மார்க்கைச் சரிசெய்வதை நான் முதல் ஒரு வருடம் தப்பாகத்தான் செய்துகொண்டிருந்தேன். கையில் முள்ளுக்கரண்டி மாதிரி ஒரு சின்னக் கருவி கொடுத்திருந்தார்கள். பள்ளத்துக்குள் குத்தி, அடியிலிருந்து நெம்பி மேலே தூக்குவேன். பள்ளம் நிரம்பிவிடும். காலால் அமுக்கினால் சமமாகிவிடும். பார்க்க நன்றாக இருக்கும்.

துபாயில் எங்கள் மேலாளர் ஒருநாள் நான் செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றார். திட்டவில்லை. பக்கத்தில் அவரே ஒரு மார்க்கை மூடினார். இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு டீயை, அதாவது முதல் அடிக்குப் பந்தைத் தூக்கி வைக்கும் சின்னக் குச்சியை, அடையாளமாகக் குத்தி வைத்துவிட்டு, "நாலு நாள் கழித்து இங்கே வா" என்றார். நாலாம் நாள் போனபோது என்னுடையது எட்டணா அளவுக்குப் பழுப்பாகக் காய்ந்திருந்தது. அவருடையதைத் தேடத்தான் வேண்டியிருந்தது. பிறகு குழி வெட்டும் கருவியால் இரண்டு இடத்திலும் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணோடு பெயர்த்து எடுத்து, நீளவாக்கில் பிளந்து காட்டினார். அவருடையதில் வெள்ளை வேர்கள் நேராக இறங்கியிருந்தன. என்னுடையதில் அரை அங்குலத்தில் எல்லாம் அறுந்து, கீழே வெறும் மணல். நான் தூக்கியபோது அறுபட்டது வேர் என்பது அன்றைக்குத்தான் கண்ணால் தெரிந்தது.

சரியான முறை இதுதான். கருவியைப் பள்ளத்துக்குள் குத்தக்கூடாது. பள்ளத்தின் விளிம்புக்கு வெளியே, நல்ல புல் இருக்கும் இடத்தில் இறக்க வேண்டும். கைப்பிடியைப் பள்ளத்தின் நடுப்பக்கமாகச் சாய்த்தால் சுற்றியிருக்கும் புல் உள்நோக்கி நெருங்கி வரும். சுற்றிலும் நாலைந்து இடத்தில் இப்படிச் செய்து, காயத்தின் வாயை மூடுவதுபோல் மூட வேண்டும். கடைசியில் பட்டரின், அதாவது கிரீனில் பந்தை உருட்டும் மட்டையின், அடியால் இரண்டு தட்டு. மொத்தம் இருபது நொடி. நெம்பாதீர்கள், தூக்காதீர்கள். விழுந்த உடனே இப்படி மூடினால் சில நாளில் தடம் தெரியாமல் போய்விடும். அப்படியே விட்டால் எங்கள் வெயிலில் இரண்டு மூன்று வாரம் வடு நிற்கும். நடுவில் மழை வந்தால் அந்த மொட்டைப் பொட்டில்தான் பாசியும் கோரையும் முதலில் ஏறும்.

கோரை ஏறினால் யார் எடுப்பது? எங்கள் அக்காமார்கள் ஆறு பேர். வெயிலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, சின்னக் கத்தியால் கிழங்கோடு ஒவ்வொன்றாகக் கிளறி எடுப்பார்கள். மேலே இழுத்தால் தண்டு மட்டும் கையில் வரும், கிழங்கு உள்ளேயே இருந்து மறுபடி முளைக்கும். நெல் வயலில் களையெடுத்துப் பழகிய கை என்பதால்தான் கிரீன் கிழியாமல் வருகிறது. உங்கள் பந்து உண்டாக்கிய ஒரு பள்ளம், மூன்று மாதம் கழித்து ஓர் அக்காவின் முதுகுவலியாக மாறும் வழி இதுதான்.

"கேடி பார்த்துக்குவான்" என்பது நம் ஊரில் அதிகம் கேட்கும் பேச்சு. கேடி என்றால் ஆடுகிறவரோடு கூடவே நடக்கும் உதவியாள். துபாயில் நான் வேலை செய்த இடத்தில் கேடி கிடையாது. பெரிய கம்பெனி நடத்துகிறவரும் குனிந்து தன் மார்க்கைத் தானே மூடுவார், பங்கர் என்ற மணல் குழியைத் தானே சீவுவார். இங்கே கேடி ஒருவர் பையைச் சுமக்க வேண்டும், பந்து எங்கே விழுந்தது என்று கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும், குழியில் நிற்கும் கொடியைப் பிடிக்க வேண்டும், பந்தைக் குழிக்கு உருட்டும் பட்டிங்கில் சரிவு சொல்ல வேண்டும். எல்லாம் செய்துவிட்டுப் பள்ளத்தை மூடவும் நிற்கட்டும் என்றால், பின்னால் வரும் ஆட்கள் காத்திருக்கிறார்கள், "சீக்கிரம் வாடா" என்று நீங்களே கூப்பிடுகிறீர்கள். கேடிகளில் அருமையாகச் செய்கிறவர்கள் உண்டு. பொறுப்பு மட்டும் ஆடுகிறவருடையது. 2019-இல் கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமைப்புகளான ஆர் அண்ட் ஏ, யு.எஸ்.ஜி.ஏ. இரண்டும் சேர்ந்து விதிகளைத் திருத்தி எழுதியபோது, அதுவரை புத்தகத்தின் முன்னால் தனிப்பகுதியாக இருந்த மரியாதை முறைகளை முதல் விதிக்குள்ளேயே கொண்டு வந்தார்கள். 1.2 என்ற எண்ணில் பாருங்கள். நேர்மையாக ஆடு, மற்றவர்களை மதி, மைதானத்தைப் பார்த்துக்கொள். இதை ஆடுகிறவருக்குத்தான் சொல்லியிருக்கிறது.

தொடங்கும் இடத்துக்கும் கிரீனுக்கும் நடுவே உள்ள புல்வெளி ஃபேர்வே. அங்கே அடிக்கும்போது புல் துண்டாகப் பெயர்ந்து பறக்குமே, அது டிவட். டிவியில் வெளிநாட்டு ஆட்டம் பார்த்துவிட்டு, அந்தத் துண்டை எடுத்து வந்து பொருத்தி மிதிப்பவர்கள் உண்டு. குளிர்நாட்டுப் புல்லில் அது பிடித்துக்கொள்ளும். நம் அருகம்புல்லில் பெரும்பாலும் மறுநாளே காய்ந்து, மெஷின் போகும்போது பறந்துவிடும். இங்கே மணல்தான் மருந்து. பையில் தொங்கும் மணலைக் கொட்டி, மேடாக விடாமல் சுற்றியுள்ள மண்ணோடு சமமாக மிதித்தால் பக்கவாட்டிலிருந்து அருகு தானே ஓடி வந்து மூடிக்கொள்ளும். மணலைக் குவித்து வைத்தால் எங்கள் வெட்டும் பிளேடு அதில் தேயும். அதற்குக் கொட்டாமலே இருக்கலாம்.

பிளேடு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கிரீன் மெஷினில் சுற்றும் உருளையும் அடியில் நிற்கும் பட்டையும் கத்தரிக்கோல் மாதிரி உரசி வெட்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு காகிதம்தான் நுழையும். இரண்டு வருடம் முன்பு ஒரு சனிக்கிழமை, யாரோ பந்துக்கு அடையாளம் வைத்த இரும்பு வில்லையை இரண்டாவது கிரீனில் மறந்துவிட்டுப் போய்விட்டார்கள். ஞாயிறு விடியற்காலை இருட்டில் மெஷின் அதன் மேல் ஏறியது. ஓட்டிய தம்பிக்கு "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டதாம், கல் என்று நினைத்துவிட்டான். வெளிச்சம் வந்தபோது பார்த்தால், இரண்டாவது கிரீனிலிருந்து பதினெட்டு வரைக்கும் மெஷின் போன பாதை எல்லாம் நூல் பிடித்தாற்போல் வெட்டுப்படாத ஒரு கோடு. பட்டையில் மிளகு அளவு ஒரு நெளிவு, அவ்வளவுதான். அன்றைக்குப் போட்டி வேறு. "மெயின்டனன்ஸ் சரியில்லை" என்று பேச்சு வாங்கினோம். உருளையைக் கழற்றிச் சாணை பிடிக்க ஒரு நாள் முழுக்கப் போனது. கிரீனை விட்டு இறங்கும் முன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். முதல் அடி அடிக்கும் டீயிங் இடத்தில் உடைந்த மரக்குச்சித் துண்டையும் பொறுக்கிவிடுங்கள்.

எங்கள் தப்பும் உண்டு. ஒருமுறை நான் ஓட்டிய மெஷினில் ஹைட்ராலிக் குழாய் லேசாக ஒழுகியதைக் கவனிக்காமல் விட்டேன். பனியில் எண்ணெய் தெரியவில்லை. மூன்றாம் நாள் கிரீன் நெடுக ஒரு பழுப்புக் கோடு காய்ந்து நின்றது. அந்தக் கோடு மூட இரண்டு மாதம் ஆனது, தினமும் அதைத் தாண்டித்தான் போனேன். அன்றிலிருந்து மெஷினைக் கிளப்பும் முன் எல்லாக் குழாயையும் கையால் தடவிப் பார்க்காமல் எடுக்க விடுவதில்லை.

அதேபோல இன்னொன்று, ஆடுகிறவர்களுக்குத் தெரியவே தெரியாதது. சாயங்காலம் கொசு கடிக்கிறது என்று கிரீன் ஓரத்தில் நின்றபடியே காலில் கொசு ஸ்பிரே அடிப்பார்கள். இரண்டு நாளில் அங்கே இரண்டு ஷூ வடிவம் மட்டும் பச்சையாக, சுற்றிலும் கருகி நிற்கும். மருந்து இலையைச் சுட்டுவிடுகிறது. வெயிலுக்கு அடிக்கும் ஸ்பிரேவும் அப்படித்தான். பாதையில் நின்று அடித்துக்கொண்டு வாருங்கள்.

குழிக்கு வருவோம். விட்டம் நாலேகால் அங்குலம், 108 மில்லிமீட்டர். தினமும் விடிகாலையில் புதிய இடத்தில் வெட்டி, அங்கே எடுத்த மண் உருளையைப் பழைய குழியில் வைத்து மூடுவோம். குழியைச் சுற்றி ஓரடிக்குள்தான் அத்தனை பேர் காலும் விழுகிறது. சாயங்காலத்துக்குள் குழியின் உதடு களைத்துவிடும். பட்டரின் தலையால் பந்தைக் கொக்கி போட்டு எடுப்பது, பட்டரை ஊன்றிக்கொண்டு குனிவது, இரண்டும் உதட்டை உடைக்கும். 2019-இலிருந்து கொடியை எடுக்காமலே பட் செய்யலாம் என்று ஆனது நல்லதுதான். ஆனால் கொடி இருக்கும்போது விரலை நுழைக்க இடமில்லாமல் பந்தையும் கொடியையும் சேர்த்துப் பிடுங்கினால் உதடு கிழிந்து வரும். கொடியைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு விரல் விட்டு எடுங்கள்.

பங்கரில் தாழ்ந்த பக்கமாக இறங்கி, அதே பக்கமாக ஏறுங்கள். உயர்ந்த விளிம்பில் குதித்தால் கரை சரியும். போன தடத்தையும் அடித்த குழியையும் சீவிவிட்டு வாருங்கள். இதில் சொல்ல அதிகம் இல்லை.

மழைதான் எங்களுக்குப் பெரிய சோதனை. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்க்கும். காலையில் வெயில் அடித்தால் மேலே காய்ந்தமாதிரி இருக்கும். உள்ளே களிமண் களிபோல் நிற்கும். அப்படி ஒரு நாள் பக்கி, அதாவது ஆடுகிறவர்கள் ஓட்டிப்போகும் சின்ன வண்டி, பாதையை விட்டு இறங்கக்கூடாது என்று பலகை வைத்திருந்தோம். ஒருவர் ஃபேர்வேயின் குறுக்கே ஓட்டிப் போய்விட்டார். சக்கரம் புதைந்ததும் வேகம் கொடுத்திருக்கிறார். முழங்கை ஆழத்துக்கு இரண்டு வாய்க்கால். "பத்து நிமிஷம் மிச்சம் பண்ணலாம்னு பார்த்தேன்" என்றார், வருத்தத்தோடுதான் சொன்னார். மண் காயும் வரை நாங்கள் உள்ளே மணல் வண்டி கொண்டுபோக முடியாது. பொங்கல் தாண்டித்தான் அந்த இடம் நேரானது. பள்ளம் மட்டும் கதை இல்லை. சக்கரம் அமுக்கிய இடத்தில் மண்ணுக்குள் காற்று போகாது, வேர் மூச்சுவிட முடியாமல் செத்துப்போகும்.

காற்று போகவேண்டும் என்றுதான் வருடத்தில் இரண்டு தடவை கிரீன் முழுக்க விரல் தடிமனில் ஓட்டை போட்டு, மண் குச்சிகளை வெளியே எடுத்து, மணல் இட்டு நிரப்புகிறோம். அந்த இரண்டு மூன்று வாரம் பந்து குதித்துக் குதித்துத்தான் ஓடும். "நல்லா இருந்த கிரீனை ஏன் கெடுக்கிறீங்க?" என்று கேட்காதவர் இல்லை. நன்றாக இருப்பதே இதனால்தான் சார் என்று சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வற்றியபோது சுத்திகரித்த கழிவுநீரைத்தான் நம்பியிருந்தோம். அதையும் கிரீனுக்கு மட்டும் விட்டோம், ஃபேர்வே எல்லாம் வைக்கோல் நிறம். அந்தத் தண்ணீரின் உப்பு மேலே தங்காமல் கீழே இறங்கியது இந்த ஓட்டைகள் வழியாகத்தான். அந்த வருடம் ஒரு கிரீனையும் இழக்கவில்லை.

கடைசியாக, நான் மிகவும் கவலைப்படுவது. களையெடுக்கும் அக்கா ஒருவருக்கு ஒருமுறை தோளில் பந்து விழுந்தது. கிரீனில் ஆள் இருப்பது தெரிந்தே, "அவ்வளவு தூரம் போகாது" என்று நினைத்து அடித்திருக்கிறார் ஒருவர். நன்றாகப் பட்டுவிட்டது, போய்விட்டது. "ஃபோர்!" என்ற எச்சரிக்கைக் குரல் வருவதற்குள் அக்கா கவிழ்ந்து கிடந்தார். நல்லவேளை எலும்பு முறியவில்லை. பந்தின் எடை 46 கிராமுக்குள்தான், ஆனால் தலையில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. வேலை செய்கிறவர்கள் உங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருப்பார்கள், மெஷின் சத்தத்தில் எதுவும் காதில் விழாது. அவர்கள் நிமிர்ந்து கை காட்டும்வரை அடிக்காதீர்கள். பந்து தப்பான பக்கம் போகிறது என்று தோன்றிய அந்த நொடியே கத்துங்கள், வெட்கப்பட வேண்டாம். பத்து தடவை வீணாகக் கத்தினாலும் பரவாயில்லை.

அந்த அக்கா பதினைந்து நாள் கழித்து வேலைக்கு வந்தார். அடித்தவர் மறுநாளே வீட்டுக்குப் போய்ப் பார்த்தார், மருத்துவச் செலவையும் ஏற்றுக்கொண்டார். இப்போது அவர் கிரீனுக்கு வந்தால் முதலில் அக்கா எங்கே இருக்கிறார் என்று பார்ப்பார். தன்னுடையதோடு இன்னும் இரண்டு மார்க்கையும் மூடிவிட்டுத்தான் பட்டர் எடுப்பார். அக்கா ஒருநாள் என்னிடம், "தம்பி, அந்த சார் குத்துறது சரியா இருக்கு, வேர் அறுக்கல" என்றார்.

போன மே மாதம் கொடைக்கானல் போயிருந்தேன். 1895-இல் தொடங்கிய மைதானம் அங்கே இருக்கிறது. காட்டுமாடுகள் இஷ்டத்துக்கு உள்ளே வந்து மேயும். கிரீன் ஒன்றில் என் உள்ளங்கை அளவுக்குக் குளம்புத் தடங்கள் வரிசையாக இறங்கியிருந்தன. இப்போதைய விதிப்படி கிரீனில் மிருகத்தின் குளம்புத் தடத்தையும் ஆடுகிறவரே சரிசெய்துகொள்ளலாம், அபராதம் கிடையாது. அங்கே வேலை செய்யும் பெரியவர் ஒருவர் முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தடத்தையும் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி மூடிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து நாலு தடம் மூடினேன். நான் கருவி பிடித்த விதத்தைப் பார்த்துவிட்டு, "எந்த கிரவுண்டுல வேலைங்க?" என்று கேட்டார்.

நாளைக்கு ஏழாவது கிரீனில் குழியைப் பின்பக்கம் இடதுபுறம் மாற்றுகிறேன். முன்பக்கம் அந்த 41 வடுவும் ஆறும்வரை அங்கே யாரும் மிதிக்காமல் இருக்கட்டும்.